பொதுப்பொறியும் புள்ளி எழுத்தும்

கணிப்பொறியைப் பற்றிய கட்டுரைக்குக் கல்லூரி மலரின் தமிழ்ப்பகுதியில் என்ன வேலை என்று வினவுவார் உளர். அன்னோர்க்கு யாம் கூறும் விடை இது: கணிப்பொறிக்கு இடப்படும் ஏவல்களும் ஒரு மொழியே. அம்மொழிக்கும் எழுத்துண்டு, சொல்லுண்டு, தொடரிலக்கணம் உண்டு; வழுவும் உண்டு. எழுத்தும் சொல்லும் கற்பதையே தொழிலாகக் கொண்ட தமிழ் மாணவர், இத்துறை முழுவதையும் பொறியியல் பயில்வோரிடமே விட்டுவிட்டுத் தாம் அகன்று நிற்றல் தகுமோ? தகாது என்பது எம் துணிபு. அதிலும், பல மொழிகளுக்கும் பல பொறிகளுக்கும் நடுவே பொதுவாய் நிற்குமாறு அமைக்கப்பெற்ற மெய்நிகர் பொறி என்பதனைத் தமிழ் கற்பார் அறியாதிருத்தல் பேரிழப்பென்றே கருதுகின்றோம். வர்ச்சுவல் மெஷின் என்று ஆங்கிலத்தார் வழங்குவது இதனையே. ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு முழுக் கணிப்பொறியைப் பாவித்து இயக்குவதற்கும் இப்பெயரே வழங்குகின்றது; அஃது ஈண்டு எம் பொருளன்று.

பொருளை முதற்கண் விளக்குவாம். ஒவ்வொரு கணிப்பொறியின் செயலியும் தனக்கென ஓர் ஏவல்மொழி உடையது. இன்டெல் வகைச் செயலிக்கு இடும் ஏவல், கைப்பேசிகளில் மிகுதியாக வைக்கப்படும் ஏ.ஆர்.எம். வகைச் செயலிக்கு விளங்காது. செயலி ஒன்றேயாயினும், அதன்மேல் நின்று அதனை ஆளும் இயக்குதளம் வேறாயின், ஒன்றிற்கென ஆக்கிய நிரல் மற்றொன்றில் நேரே ஓடுவதில்லை. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸும், சீ-டாக் நிறுவனத்தார் சென்னையில் ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன. பெட்டி ஒன்று, குடியிருப்போர் இருவர், ஒருவர்க்கு எழுதிய கடிதத்தை மற்றவர் படிக்கமாட்டார். இஃது அக்கணினியைத் திறந்து பார்த்த மாணவர் பலரும் கண்ட செய்தி.

இனி, மனிதர் எழுதும் நிரல்மொழிகளோ பல. ஐந்து மொழிகளும் நான்கு வகைப் பொறிகளும் உளவென்று கொள்வோம். ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு பொறிக்கும் பெயர்த்தளிக்க வேண்டுமாயின் இருபது பெயர்ப்பிகள் வேண்டும். நடுவே பொதுவான ஓர் இடைமொழியை நாட்டினால், ஐந்து மொழிகளினின்று அதற்கு வருவன ஐந்து, அதனினின்று நான்கு பொறிகளுக்குச் செல்வன நான்கு, ஆக ஒன்பதே போதும். இக்கணக்கு 1958-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் குழு ஒன்றின் மனத்தில் எழுந்தது. அன்கோல் என்று பெயரிட்டு ஓர் இடைமொழியை அவர் முன்மொழிந்தனர். அஃது அவர்கள் எண்ணியவாறு நிறைவேறவில்லை. எண்ணம் மட்டும் இறவாது நின்றது.

இராசபாளையத்து மக்களுக்கு இக்கருத்தை விளக்க அன்கோலும் வேண்டா, அமெரிக்காவும் வேண்டா. பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் நிறுவிய நூற்பாலை முதலாக, அவ்வூரில் நூல் நூற்றலே பெருந்தொழில். பஞ்சு எவ்வூர்ப் பஞ்சாயினும் ஆகுக. ஆலையினின்று வெளிவரும் நூலுக்கு ஓர் எண் உண்டு. நாற்பதாம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது அடங்கும் என்பது பொருள். அந்த எண்ணை அறிந்தால் போதும். நெய்பவன் பஞ்சு விளைந்த காட்டை அறியவேண்டுவதில்லை, நூற்பவன் தறி நிற்கும் ஊரை அறியவேண்டுவதில்லை. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் அது மருத்துவக் கட்டுத்துணியும் ஆகலாம். தொலைவிலுள்ள ஊரொன்றில் வேட்டியும் ஆகலாம். பஞ்சு மூலநிரல், நூல் இடைமொழி, தறி பொறி. நூலின் எண்ணைப் பற்றி உலகம் உடன்பட்டமையாலன்றோ வாணிகம் நடக்கின்றது? (அந்நூற்பாலைக் குழுமமே பின்னாளில் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தையும் கண்டது. நூல் விற்றோர் நிரல் விற்கப் புகுந்தது எமக்கு வியப்பாகத் தோன்றவில்லை.)

இடைமொழியைத் தாளில் வகுத்தல் எளிது. அதனை நடத்திக்காட்டுவதன்றோ அரிது? அதற்குக் கண்ட வழியே மெய்நிகர் பொறி. உலகில் எங்கும் இரும்பாற் செய்யப்படாத ஒரு கணிப்பொறியைக் கருத்தளவில் படைத்து, அதற்கு ஓர் ஏவல்மொழியும் வகுத்து, அக் கற்பனைப் பொறியைப் போல நடிக்கும் சிறு நிரல் ஒன்றை ஒவ்வோர் உண்மைப் பொறிக்கும் எழுதி வைத்தனர். சூரிச்சு நகரில் நிக்லாஸ் விர்த் அவர்களின் குழுவினர் 1970-களில் பாஸ்கல் மொழிக்காக ஆக்கிய பீ-கோடு இவ்வகையினது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் கென்னத் பௌல்ஸ் அவர்கள் அதனைக்கொண்டு, அக்காலத்து வெவ்வேறு சிறு கணினிகளில் மாணவர் எழுதிய நிரல்களை ஓட்டிக் காட்டினார். பின்னர் 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டபோது, ஜேம்ஸ் காஸ்லிங் முதலியோர் அமைத்த ஜாவாப் பொறி இக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. நடிக்கும் பொறி மெல்லவே ஓடும் என்ற குறையையும், அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓடும்போதே உண்மைப் பொறியின் மொழிக்குப் பெயர்த்துக்கொள்ளும் உத்தியால் பெரிதும் போக்கினர்.

ஜாவாவுக்கென்று கட்டிய அப்பொறியில் பிறமொழிகளும் குடியேறின என்பதே எமக்குச் சுவை தரும் செய்தி. பைத்தானை அதன்மேல் ஏற்றிய ஜைத்தான், ரூபியை ஏற்றிய ஜேரூபி, அதற்கென்றே பிறந்த ஸ்காலா, குளோஜர், கோட்லின் ஆகிய யாவும் ஒரே இடைமொழியாக மாறி ஒரே பொறியில் ஓடுவன. கோட்லினில் எழுதுவோன் ஜாவாவில் பிறர் எழுதிவைத்த நூலகங்களைக் கேட்டுவாங்கிப் பயன்கொள்கின்றான். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நிற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட டாட்நெட் அமைப்போ, முதல்நாளிலிருந்தே பல மொழிகளுக்கும் பொதுவென்று சொல்லிக்கொண்டு வந்தது.

ஒருநிலத்தில் பன்மொழி வாழ்தல் எம் சீமைக்குப் புதிதன்று. இராசபாளையத்தில் இல்லத்துக்குள் தெலுங்கும் வாயிற்படி கடந்தால் தமிழும் பேசுவார் எத்துணையோ பேர். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், தமிழில் ஆண்டாள் பாடிய ஊர். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் அவ்வாண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாகப் பாடினார். கதை ஒன்று, மொழி வேறு, யாப்பும் வேறு. தெலுங்குக் காவியத்தின் இலக்கணத்துக்கு ஏற்பத் தமிழ்க்கதை சிறிது உருமாறியே அங்கே புகுந்தது. கேட்போர்க்கு அதனால் இழப்பில்லை. ஆயினும் உருமாறிற்று என்பதை மறத்தல் ஆகாது. ஏற்கும் இடத்தின் இலக்கணமே வருபொருளின் வடிவை வகுக்கின்றது. இவ்விடத்திலேதான் எம் கட்டுரையின் உயிர்நிலை உள்ளது.

பொதுப்பொறி என்று பேர் பெற்றமையாலேயே ஒரு பொறி எல்லார்க்கும் ஒத்த பொதுவாகிவிடாது. எவருடைய மொழிக்காக அது முதலில் அமைந்ததோ, அவருடைய மொழியின் இலக்கணம் அதன் எலும்பில் ஊறிக்கிடக்கும். ஜாவா மொழியில் ஒவ்வொரு பெயரும் எண்ணைக் குறிப்பதோ, சொல்லைக் குறிப்பதோ என்று முன்னரே அறிவிக்கவேண்டும். ரூபி, பைத்தான் ஆகியவற்றில் அஃது ஓடும்போதே தெரியவரும். ஆதலின் அம்மொழிகளை ஜாவாப் பொறியில் ஏற்றியோர் சுற்றுவழிகள் பல தேடி, விரைவை இழந்தனர். 2011-இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பிலேதான், இத்தகைய மொழிகளின் பொருட்டுப் புதிய ஏவல் ஒன்று அப்பொறியில் சேர்க்கப்பெற்றது. குடியேறி ஆண்டுகள் பல ஆனபின் கிடைத்த வாயில் அது. அதுவும், அம்மொழியார் அவையில் இருந்து வாதாடியமையாலேயே கிடைத்தது. வாதாட ஆளில்லாத மொழிக்கு யார் வாயில் திறப்பார்?

தமிழுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கணிப்பொறியில் எழுத்துக்களுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடமோ, இந்திய மொழிகள் யாவற்றையும் ஓரச்சில் வார்க்க எண்ணி 1988-இல் வகுத்த இஸ்கி என்னும் முறையின் வழிப்பட்டது. நம் இலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு, உயிரேறிய எழுத்தை அதன் விளைவாகக் கொள்ளும். அக்குறிமுறை அகரமேறிய எழுத்தை முதலாகக் கொண்டு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் பின்வந்து ஒட்டுவனவாகக் கொண்டது. எழுதும் வடிவத்தை நோக்க இதுவும் ஒருவாறு பொருந்துவதே; அநீதி என்று கூச்சலிடுவதற்கில்லை. எனினும் விளைவு யாதெனின், 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று ஜாவாப் பொறியை வினவினால் ஐந்து என்று விடை கூறும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என அஃது எண்ணுகின்றது. தொடக்கப்பள்ளிச் சிறுவன் மூன்று என்பான். யாப்புக் கற்போர் கூடிய வகுப்பில் இந்த ஐந்தைச் சொன்னால் நகைப்பரன்றோ? சொல்லைத் தலைகீழாகத் திருப்பு என்று ஏவினாலோ, புள்ளி முதலில் வந்து தனியே நிற்கும். இகரக்குறி மகரத்தை விட்டு ழகரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றபோதே, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் டேஸ் பதினாறு என்னும் முறையையும் உடன் ஏற்றதற்கு இவ்விடர்ப்பாடே காரணம். ஆனால் உலகத்துப் பொறிகள் பேசுவது யூனிகோடையே.

இதனினும் கூரிய சான்று ஒன்று உண்டு. கூகுள் நிறுவனத்தார் 2009-இல் கோ என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். அதன் விதிநூல், நிரலில் வைக்கும் பெயர்கள் எழுத்துக்களாலும் எண்களாலும் ஆகலாம், எம்மொழி எழுத்தாயினும் ஆகுக என்று தாராளமாக வகுத்தது. தமிழர் மகிழ்ந்திருத்தல் கூடும். ஆனால் யூனிகோடு கணக்கில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்துக்கள் அல்ல, ஒட்டுக்குறிகள்; விதிநூல் ஒட்டுக்குறிகளுக்கு இடம் தரவில்லை. ஆகவே 'பல' என்று பெயர் வைக்கலாம். 'பால்' என்று வைக்கலாகாது. 'நகர' ஆம்; 'நகரம்' ஆகாது. அகரமேறிய எழுத்துக்களாலேயே ஆன சொற்களைத் தேடித் தேடி நிரல் எழுதத் தமிழன் என்ன சித்திரகவியா பாடுகின்றான்? ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் இன்மையால் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை யாம் வகுப்பில் கேட்டுள்ளோம். ஓலை கிழியும் என்று அன்று புள்ளி விட்டனர். கிழியாத பொறியிலும் புள்ளிக்கு இடமில்லை என்பது புதுமையே. விதியை வகுத்தோர் தமிழைப் பகைத்தவர் அல்லர். அவரிடையே, புள்ளியின்றி எம் மொழியில் ஒரு சொல்லையும் முடிக்க இயலாத இடங்கள் உண்டு என்று எடுத்துரைக்க எவரும் இல்லை, அவ்வளவே.

மறுபுறமும் கூறல் வேண்டும். ஜாவாப் பொறியின் அடித்தளத்து விதிகள், சில நிறுத்தக்குறிகள் நீங்கலாக எம்மொழிப் பெயரையும் ஏற்றுக்கொள்கின்றன. 2008-இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பும் ஒட்டுக்குறிகளோடு கூடிய தமிழ்ப்பெயர்களை ஏற்கின்றது. ஆகவே கதவு முற்றும் அடைபட்டதன்று. அடித்தளம் திறந்தே கிடக்கின்றது. தமிழ்மொழி ஒன்றை அதன்மேல் எழுப்புவோரே வேண்டும்.

எழுப்பினாரும் உளர். முத்தையா அண்ணாமலை என்பார் ஆக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி 2009-இல் கட்டுரை வாயிலாக அறிவிக்கப்பெற்றது. அதனைப் பைத்தானின்மேல் அமைத்தார். பைத்தானும் தன் நிரலை இடைமொழியாக்கித் தன் மெய்நிகர் பொறியில் ஓட்டுவதே ஆதலின், விண்டோஸ், லினக்ஸ் எனப் பைத்தான் செல்லும் இடமெல்லாம் எழிலும் செல்லும். அச்சிட 'பதிப்பி', செயற்கூறு ஒன்றைத் தொடங்க 'நிரல்பாகம்', முடிக்க 'முடி'. இவை வெறும் சொற்பெயர்ப்பு எனலாம். ஆனால் நிபந்தனை கூறும் இடத்தை உற்றுநோக்குவார்க்கு உவகை பிறக்கும். ஆங்கில வழி நிரல்மொழிகளில் 'இஃப்' என்னும் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முன்னே வந்து, 'ஆனால்' என்பது அதனைத் தொடர்கின்றது. 'வரை' என்பதும் அவ்வாறே. இது தமிழ்த்தொடரின் இயற்கை. வினையெச்சமும் வேற்றுமையுருபும் பின்வருவதே நம் மொழியின் நடை என்று அறிந்தாரே இவ்வாறு அமைத்தல் கூடும். பெயர்த்த சொற்களுக்கும் பிறந்த மொழிக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்போம்.

இம்முயற்சிக்கு மாறாக இருவகைத் தடை சொல்வர். தமிழில் நிரல் எழுதக் கற்றவனுக்கு வேலை யார் தருவார் என்பது ஒன்று. இதனை அலட்சியமாகத் தள்ளிவிட எமக்கு மனமில்லை. இராசபாளையத்தினின்றும் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் வரும் மாணவரிற் பலர், குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி மிதித்தவர். ஆலையில் முறைவேலை பார்க்கும் தந்தையிடம், மொழியழகுக்காக நிரல் கற்கின்றேன் என்று சொல்லத் துணியும் மகன் எவன்? வேலைக்கு வேண்டுவது ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளே. அவற்றைக் கற்றே ஆகவேண்டும். ஆயின், எங்கே தொடங்குவது என்பது வேறு வினா. 2019 முதல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் கற்பிக்கப்பெறுகின்றது. தமிழ்வழிப் பாடநூலும் உண்டு. விளக்கம் தமிழில், ஏவற்சொல் ஆங்கிலத்தில். தமிழ்வழியிற் பயின்ற மாணவன் 'வொய்ல்' என்னும் சொல்லை மந்திரம் போல நெட்டுருச் செய்கின்றான். அதன் பொருள் 'வரை' என்பது அவனுக்கு உறைக்கும் முன் ஆண்டுத் தேர்வு வந்துவிடுகின்றது. கருத்தை ஒருமொழியிலும் சொல்லை மற்றொரு மொழியிலும் ஒரேநாளில் கற்பிப்பதைக் காட்டிலும், கருத்தை முதலில் தன்மொழியில் கைவரச்செய்து பின் சொல்லை மாற்றிக்கொடுப்பது எளிதன்றோ? ஒரே பொறியின்மேல் இரண்டு மொழியும் ஓடுமாயின், முதல் வாரம் எழுதிய தமிழ்நிரலையும் பத்தாம் வாரம் எழுதிய ஆங்கிலநிரலையும் அருகருகே வைத்து ஓட்டிக் காட்டலாம். விடை ஒன்றாகவே வரும். அவ்விடத்தில் மாணவன் அடையும் தெளிவு, நெட்டுருவால் வருவதன்று.

மற்றொரு தடை, தமிழ் நிரல்மொழி தனித்தீவாகிவிடும். உலகம் எழுதிக் குவித்துள்ள நூலகங்கள் அதற்கு எட்டா என்பது. பொதுப்பொறியை அறியாதார் கூறும் தடை இது. கோட்லினுக்கு ஜாவாவின் செல்வமெல்லாம் கிட்டியது யாங்ஙனமோ, அங்ஙனமே அப்பொறிக்கென ஆக்கப்படும் தமிழ்மொழிக்கும் கிட்டும். தனியாகப் பொறி செய்யப் புகுந்தால்தான் தீவாவோம்.

ஆனால் குடிபுகும் நிலம் யாருடையது என்பதையும் பார்த்தே புகவேண்டும். ஜாவாவைப் பற்றிச் சன் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது 1997-இல் வழக்குத் தொடுத்தது. 2001-இல் உடன்பாடு கண்டனர். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், கூகுள் மீது 2010-இல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை ஏறி, 2021-இல் கூகுளுக்குச் சார்பாக முடிந்தது. செல்வர் இருவர் பதினோராண்டு வழக்காடலாம். தமிழ்மொழி ஒன்றை ஆக்கும் நான்கு இளைஞர் பதினொரு நாள் வழக்காட இயலாது. ஆகவே தனியொருவர் உடைமையாகாத நிலமே நமக்கு ஏற்றது. ஜாவாப் பொறியின் மூலநிரலும் இன்று திறந்த உரிமத்தில் கிடைக்கின்றது. உலாவிகளுக்குள் ஓடும் வெப்அசெம்பிளி என்னும் பொதுப்பொறியை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2019-இல் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. இதனை யாம் மிகுதியும் விரும்புகின்றோம். ஊரிலுள்ள மாணவன் எதனையும் நிறுவாமல், கைப்பேசியின் உலாவியைத் திறந்த அளவிலேயே தமிழ்நிரலை ஓட்டிப் பார்க்க இது வழி செய்யும். இதிலும் முன்னைக் கதையே நிகழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். முதலில் சி முதலிய மொழிகளை நோக்கி இது வகுக்கப்பட்டமையின், நினைவகக் குப்பையைத் தாமே கூட்டித் தள்ளும் மொழிகள் தத்தம் துடைப்பத்தைத் தாமே சுமந்துவர வேண்டியிருந்தது. அவற்றுக்கென வசதி செய்த பகுதி, குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் 2023-இல்தான் வந்தது. கேட்டவர்க்குக் கிடைத்தது.

இனித் தமிழ் மாணவர் செய்யத்தக்கது யாது? பொறி கட்டுதல் நம்மால் ஆகாது. அதற்குரியோர் எம் கல்லூரியிலேயே கணினித்துறையில் உளர். நம்மால் ஆவது ஒன்றுண்டு. நிரலில் பிழை நேர்ந்தவிடத்துப் பொறி கூறும் செய்தி முழுவதும் ஆங்கிலம். ஏவற்சொற்கள் முப்பது நாற்பதை மனனம் செய்துவிடலாம். பிழைச்செய்தி விளங்காவிடில் மாணவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். பிழையை வகுத்துப் பெயரிடும் கலையிலோ நமக்கு நிகர் யாவர்? வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாகப் பிரித்து, வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்த மொழி நம்முடையது.

சொல்லோடு எண்ணைக் கூட்டு என்று பைத்தானை ஏவினால், 'டைப் எர்ரர்' என்று மறுக்கும். உயர்திணை எழுவாய்க்கு அஃறிணைப் பயனிலை கொடுத்தது போன்ற குற்றம் இது. திணைவழு என்றால் தமிழ் கற்ற சிறுவனுக்கு உடனே விளங்கும். அதே ஏவலை ஜாவாஸ்கிரிப்டுக்கு இட்டால் அது மறுக்காது. எண்ணையும் சொல்லாகக் கொண்டு இரண்டையும் ஒட்டிவிடும். சொல்லாகிய ஐந்தோடு எண்ணாகிய ஒன்றைக் கூட்டினால் ஐம்பத்தொன்று வருவது இதனால்தான். இது வழுவமைதி. ஏற்கத்தக்க அமைதியோ என்பதில் எமக்கு ஐயம் உண்டு. பசுவை என் அம்மை வந்தாள் என்று சொல்வதில் உவப்பு என்னும் காரணம் இருக்கின்றது, இதில் என்ன உவப்புக் கண்டார்களோ அறியோம். மதிப்புத் தரும் முன்னரே ஒரு பெயரைப் பயன்படுத்துதல் காலவழு. வைத்திராத பெயரை அழைத்தல் அறியாப்பெயர் வழு எனலாம். ஐந்து பொருளுள்ள வரிசையில் ஆறாவதைக் கேட்டல் எல்லைவழு. அடைப்புக்குறியை மூடாது விடுதல் தொடர்வழு. சுழியத்தால் வகுக்கப் புகுதல் எதனுள் அடங்கும் என்பதில் எம்மவர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. மரபுவழு என்பார் ஒருசாரார், கணக்கில் மரபேது என்பார் மற்றொரு சாரார்.

தமிழ்த்துறையாரும் கணினித்துறையாரும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது கூடியமர்ந்து இப்பட்டியலை நிறைவு செய்தல் வேண்டுமென்பது எம் வேண்டுகோள். வெறுஞ்சொல் போதாது, ஒவ்வொரு வழுவுக்கும் அதனை விளைவிக்கும் சிறுநிரல் ஒன்றும், திருத்திய வடிவம் ஒன்றும் உடன் வைத்தல் நலம். ஓடிப் பார்த்த பின்னரே பெயர் பொருந்துகின்றதா என்பது தெரியும். ஜாவாப் பொறி கூறும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்பதற்கு மட்டும் தக்க பெயர் இதுகாறும் அகப்படவில்லை. தன்னைத் தானே அழைத்துக்கொண்டே சென்று இடமின்றித் திணறி நிற்கும் நிலை அது. பெயர் கண்டவர் மலரின் தமிழ்ப்பகுதி ஆசிரியர்க்கு எழுதி விடுப்பாராக.